ஒன்பதாம் கம்பி

“பதினோரு கொட்டகையில ஒண்ணு மண்ணுக்குள்ள போச்சு. மத்த பத்துக்கும் தெரியவே இல்ல. இது நல்ல மிஷினா, டீச்சர்?”

முப்பிடாதி இப்படிக் கேட்டதும் ஜெபக்கனி டீச்சர் எழுந்து போய், சுவரோரம் நின்ற இரும்புச் சட்டத்தில் ஐந்தாம் கம்பியைத் திருகிக் கழற்றினார். அது இருந்த வாயில் திருப்புளியை நுழைத்து, நடு ஊசியும் ஓரமும் ஷார்ட் ஆகும்படி அழுத்தினார்.

சட்டத்தின் மேல்வரிசையில் பச்சை விளக்குகள் நொடிக்கு ஒரு தரம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாவது அணைந்தது.

மற்றவை அப்படியே இருந்தன. ஒன்றுகூடத் தயங்கவில்லை.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். அதைத்தான் கேக்கேன்.”

டீச்சர் ஐந்தாம் கம்பியைத் திரும்ப மாட்டினார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

*

அவர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கருமேனி மலை உச்சியில் இருந்த ஆய்வு நிலையத்தின் மின்னணுப் பொறியாளர். தூத்துக்குடிக்காரர். முப்பத்து நாலு வயது.

முப்பிடாதிக்கு ஐம்பத்தொன்று. டெலிபோன் இலாகாவில் இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறி இறங்கியவன். தன்னைவிட அத்தனை இளையவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை, ‘மேடம்’ என்று சொல்லவும் நாக்கு புரளவில்லை. கற்றுக்கொடுக்கிறவரை டீச்சர் என்று கூப்பிட்டால் தப்பில்லை என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

அவர் அவனை அண்ணாச்சி என்றார்.

அவன் மலையேறி வந்தது தம்பிக்காக.

தம்பி பலவேசம் அதே நிலையத்தில் வேலை பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், ஒரு காலைப் பத்து மணிக்கு, குடையும் கருவிப் பையுமாக ஒன்பதாம் கொட்டகைக்குப் போனான். பத்தேகாலுக்கு அந்தச் சரிவு முழுசும் கழன்று பள்ளத்தில் இறங்கியது. கொட்டகையின் ஒரு தகரத்தைப் பதினோராம் நாள் எடுத்தார்கள். பலவேசத்தை எடுக்கவில்லை.

முப்பிடாதி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இயக்குநர் முன்னால் நின்றான்.

“தம்பி பாத்த வேலையை நான் பாக்கேன்.”

“உங்களுக்கு இந்த வேலை தெரியுமா?”

“தெரியாது. கத்துக்கிடுதேன்.”

வந்த முதல் வாரமே, சரிவு இறங்கிய நாளின் பதிவை எடுத்துக் காட்டச் சொன்னான். நீளத் தாளில் பதினோரு கோடுகள். பத்தேகாலுக்கு ஒன்பதாம் கோடு நின்றிருந்தது. மற்ற பத்தும் ஒரு முடி அளவு கூட ஆடாமல் தாளின் ஓரம் வரைக்கும் போயிருந்தன.

அந்தத் தாளைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

*

நிலையத்தின் வேலை இது.

வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மழையாக விழுகின்றன. மலையில் அங்கங்கே கொட்டகைகளில் இருக்கும் கருவிகள் அவற்றைப் பிடிக்கும். எந்தக் கொட்டகையில் முதலில் விழுந்தது, எதில் அடுத்து விழுந்தது என்று தெரிந்தால், மழை எந்தத் திசையிலிருந்து புறப்பட்டது என்று சொல்லிவிடலாம். முதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள நேரம் நொடியில் கோடியில் ஒரு பங்கு. அதனால் எல்லாக் கொட்டகையும் ‘இப்போது’ என்ற ஒரே சொல்லை ஒரே கணத்தில் கேட்க வேண்டும்.

அந்தச் சொல்லைச் சொல்வது ஒரு கடிகாரம். அதைப் பங்கு வைப்பது சட்டத்தில் இருக்கும் பெட்டி. பெயர் லைன் டிரைவர். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டதும், ஜீப் ஓட்டுகிறவரைத்தான் சொல்கிறார்கள் என்று முப்பிடாதி வாசலை எட்டிப் பார்த்தான்.

“கடிகாரத்துத் துடிப்பு முக்கால் வோல்ட்டு,” என்றார் டீச்சர். “கொட்டகைக்கு அஞ்சு வோல்ட்டு வேணும். அது பேசுற பாஷை வேற, இவங்களுக்குப் புரியுற பாஷை வேற. இந்தப் பெட்டி மாத்திச் சொல்லும். சொல்லி, ஒண்ணைப் பலதாக் குடுக்கும்.”

“பங்கு வச்சா ஆளுக்குக் கொஞ்சம்தானே கிடைக்கும்?”

“இல்ல. ஆளுக்கு முழுசு.”

அவன் யோசித்துப் பார்த்தான். அப்படிப் பங்கு வைக்கிற வீட்டை அவன் கண்டதில்லை.

இன்னொரு நாள் கேட்டான்.

“ரெண்டாம் கொட்டகை இந்தா, இருபது எட்டுல இருக்கு. அதுக்கும் நானூறு மீட்டர் கம்பி. வாசல்ல சுருட்டிப் போட்டிருக்கு. எதுக்கு டீச்சர் இந்தத் தெண்டம்?”

“பக்கத்துல இருக்கவன் முந்திக் கேட்டுடக் கூடாது.”

அதையும் யோசித்துப் பார்த்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊரிலிருந்து பேச்சித்தாய் நிலையத்துப் போனில் பேசுவாள். பலவேசத்தின் மனைவி. பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் பேசுவாள்.

“பெரியவங்கல்லாம் கருமாதியை முடிச்சிரச் சொல்லுதாங்க அத்தான்.”

“ம்.”

“பொட்டு வச்சுக்கிட்டுத் தெருவுல போனா ஒரு மாதிரி பாக்காங்க.”

“ம்.”

“நீங்க சொன்னா செய்யலாம். மலையில இருக்கது நீங்கதானே.”

அவன் ஒவ்வொரு ஞாயிறும், “அடுத்த வாரம் சொல்லுதேன்மா,” என்பான்.

*

ஆடி மாதம். சாரலும் மூடுபனியும். பகல் பதினோரு மணிக்குக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தை இருக்கிறதென்று நம்பித்தான் ஆக வேண்டும்.

டீச்சர் ஒரு சுருள் கம்பியை மேஜைமேல் வைத்தார். நூறு மீட்டர். ஒரு முனையைப் பெட்டியோடும், துடிப்பை வரைந்து காட்டும் திரையோடும் சேர்த்தார். மறுமுனை மேஜை ஓரத்தில் சும்மா தொங்கியது.

திரையில் ஒரு மேடு எழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மேடு.

“முதல் மேடு நாம அனுப்பினது,” என்றார். “ரெண்டாவது?”

“தெரியல.”

“அதேதான். போய்த் திரும்பி வந்துடுச்சு.”

“ஏன் வந்துச்சு?”

“முனையில வாங்க ஆள் இல்ல.”

அவர் குறடு ஒன்றை எடுத்துத் தொங்கிய முனையில் நடுச் செப்பையும் அதைச் சுற்றிய உலோக உறையையும் சேர்த்துக் கடித்துப் பிடித்தார். இரண்டாவது மேடு தலைகீழாகக் கவிழ்ந்தது. பள்ளமாக.

“இப்பவும் வாங்கல. கோபமாத் திருப்பி அனுப்புது.”

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து பித்தளைத் தொப்பி ஒன்றை எடுத்தார். விரல்நுனி அளவு இருந்தது. உள்ளே ஐம்பது ஓம் தடை ஒன்று உண்டு. கம்பியும் ஐம்பது ஓம், தொப்பியும் ஐம்பது ஓம். அதைத் தொங்கிய முனையில் திருகினார்.

முதல் மேடு மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு திரையின் ஓரம் வரைக்கும் ஒரு நேர்கோடு.

“எங்க போச்சு?”

“எங்கயும் போகல. அங்கயே தங்கிடுச்சு.”

“அப்ப பதில் வராம இருந்தா...”

டீச்சர் தொப்பியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

முப்பிடாதி சாப்பிடப் போகவில்லை. அவனுக்குத் தெரிந்த வழியில் அதைச் சோதித்துப் பார்த்தான். ஒரு தொப்பி போட்டான். அமைதி. மூன்று வாய் உள்ள இணைப்பு ஒன்றைத் தேடி எடுத்து, ஒரே முனையில் இரண்டு தொப்பிகள் போட்டான். திரையில் சின்னதாக ஒரு தலைகீழ்ப் பள்ளம் விழுந்தது. அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்.

டீச்சர் கை துடைத்துக்கொண்டே வந்தார்.

“எதுக்கு ரெண்டு?”

“சும்மா. ஒரு ஆளு வாங்க வேண்டியதை ரெண்டு ஆளு வாங்கினா என்ன ஆகும்னு பாத்தேன்.”

“என்ன ஆச்சு?”

“கொஞ்சம் திரும்புது. கவுந்து திரும்புது.”

அவர் தலையாட்டினார்.

*

புதன்கிழமை கடிதம் வந்தது.

கிழக்குச் சரிவில் புதுக் கொட்டகை கட்டி முடித்தாயிற்று. அதற்குப் பெட்டியில் ஒரு வெளியீட்டு வாய் வேண்டும். ஒன்பதாம் கொட்டகை இப்போது இல்லாததால் அதன் கம்பியைக் கழற்றிவிட்டு அந்த வாயைப் புதியதற்குக் கொடுக்கவும். வெள்ளிக்கிழமைக்குள். இன்னொரு பெட்டி வந்து சேர எட்டு மாதம் ஆகும்.

கீழே இயக்குநர் கையெழுத்து.

முப்பிடாதி ஸ்பேனரோடு சட்டத்தின் முன்னால் நின்றான். ஒவ்வொரு கம்பியின் கழுத்திலும் வெள்ளை ஒட்டுத்தாள் சுற்றி எண் எழுதியிருந்தது. எல்லாம் பலவேசத்தின் கை. அவன் ஒன்பது போட்டால் வால் கொஞ்சம் நீண்டுபோகும்.

ஸ்பேனர் கழுத்தில் உட்கார்ந்தது. கை திருகவில்லை.

“நீங்க கழட்டுங்க டீச்சர்.”

“கம்பிக்குப் பொறுப்பு நீங்க.”

“எனக்கு முடியல.”

டீச்சர் வற்புறுத்தவில்லை. மேஜையிலிருந்து நிமிராமலே சொன்னார்.

“கழட்டுறதுக்கு முன்னால, எங்க அறுந்திருக்குன்னு பாத்துடுங்க. திரும்பி வர்ற நேரத்தை அளந்தா தூரம் தெரியும். மிச்சக் கம்பியையாவது சுருட்டிடலாம்.”

மூன்று வருஷத்தில் ஒன்பதாம் கம்பியை யாரும் திரையில் போட்டுப் பார்த்ததில்லை. இல்லாத கொட்டகைக்குப் போகிற கம்பியை எதற்குப் பார்ப்பார்கள்?

முப்பிடாதி கம்பியைக் கழற்றாமலே அதன் கழுத்தில் திரையின் கொக்கியை மாட்டினான்.

ஒரு மேடு எழுந்தது.

அதற்குப் பிறகு நேர்கோடு.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். சட்டைக் கையால் திரையையும் துடைத்தான்.

நேர்கோடுதான்.

“டீச்சர்.”

அவர் வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். முப்பிடாதி திரையைக் காட்டிக் கேட்டான்.

“அடியிலேயே அறுந்திருக்குமோ?”

“அப்படின்னா இங்கயே திரும்பிடும்.”

“ஈர மண்ணுல புதைஞ்சு கிடக்கும். மண்ணு விழுங்கும்லா?”

“கொஞ்சம் விழுங்கும். மிச்சம் வரும். முழுசா விழுங்க மண்ணுக்குத் தெரியாது.”

டீச்சர் நான்காம் கம்பியை எடுத்து அதே திரையில் போட்டார். நான்காம் கொட்டகை உயிரோடு இருக்கிறது. உள்ளே கருவி ஓடுகிறது. கதவில் பூட்டு தொங்குகிறது.

நான்காம் கம்பியின் கோடும் ஒன்பதாம் கம்பியின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

“நாலுல வாங்க ஆள் இருக்கு,” என்றான் முப்பிடாதி.

“இருக்கு.”

“ஒன்பதுல?”

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

“நாளைக்குக் காலையில போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. ஒரு தொப்பியும் எடுத்துக்கிடுங்க.”

*

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினான். தோளில் வாக்கிடாக்கி. பையில் கத்தி, குறடு, ஒரு இணைப்பு, ஒரு தொப்பி.

கம்பியைப் பிடித்துக்கொண்டே போனான். பிடித்துக்கொண்டு போனால்தான் வழி. பனி அப்படி இருந்தது.

முதல் நூறு மீட்டரில் பாறைப் பல்லி ஓடியது. தண்ணீர் எங்கோ விழுந்துகொண்டிருந்தது. இருநூறு தாண்டியதும் தண்ணீர்ச் சத்தம் நின்றது. தண்ணீர் நின்றிருக்காது. சத்தம்தான் வரவில்லை. ஆடி மாதத்தில் அந்தத் தடத்தில் போனால் முழங்கால் வரைக்கும் அட்டை ஏறும். குனிந்து பார்த்தான். ஒன்றுகூட இல்லை.

பிறகு தரை முடிந்தது.

சரிவு கழன்றுபோன இடம். மூன்று மழைக்காலம் ஆகியும் அதில் புல் முளைக்கவில்லை. கம்பி அந்த விளிம்பைத் தாண்டி, பள்ளத்துக்குள் ஒரு முழம் இறங்கித் தொங்கியது.

முப்பிடாதி குப்புறப் படுத்துக் கையை நீட்டி அதை எடுத்தான்.

மேல்தோல் வெடித்துக் கறுத்திருந்தது. வெயிலும் மழையும் தின்ற கறுப்பு. நடுவில் நீட்டிக்கொண்டிருந்த செப்பு மட்டும் பளபளவென்று இருந்தது. கம்பத்தில் இருபத்தாறு வருஷம் அவன் பார்த்த செப்பு அத்தனையும் ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். இது இன்று காலையில் யாரோ தேய்த்து வைத்ததுபோல் இருந்தது.

வாக்கிடாக்கியை அழுத்தினான்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“முனை கிடைச்சிடுச்சு. அந்தரத்துல தொங்குது. எதுலயும் படல.”

வாக்கிடாக்கி கரகரத்தது.

“இப்ப கையில வச்சிருக்கீங்களா?”

“ஆமா.”

“திரையில ஒண்ணும் வரல.”

“அறுந்த முனை டீச்சர். வரணுமே.”

“வரணும்.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்தது கைவேலை. கத்தியை எடுத்துத் தோலைச் சீவினான். உறையை மடித்தான். இணைப்பைப் பொருத்திக் குறட்டால் அழுத்தினான். அதன்மேல் தொப்பியைத் திருகினான்.

“தொப்பி போட்டுட்டேன்.”

வாக்கிடாக்கியை மறுபடி அழுத்தினான்.

“டீச்சர், தொப்பி போட்டாச்சு. இனி எப்படியும் வராது. இல்லையா?”

“வருது அண்ணாச்சி.”

“என்னது?”

“இப்பதான் வருது. கவுந்து வருது.”

முப்பிடாதி வாக்கிடாக்கியைக் காதோடு சேர்த்துக்கொண்டான்.

“எவ்வளவு?”

“மூணுல ஒண்ணு.”

அவன் கம்பியைப் பார்த்தான். முனையில் ஒரே ஒரு தொப்பி இருந்தது. அவன் போட்டது. சுற்றிலும் பார்த்தான். விளிம்பு, பள்ளம், பனி. தன் காலும் கையும்.

“நான் ஒரு தொப்பிதான் போட்டிருக்கேன்.”

“சரி.”

“இங்க என்னைத் தவிர யாரும் இல்ல டீச்சர்.”

“சரி அண்ணாச்சி.” அவர் குரல் தணிந்திருந்தது. பக்கத்து அறையில் யாரோ படுத்திருக்கும்போது பேசுகிற குரல். “அதைக் கழட்டிருங்க. அவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்.”

அவன் கழற்றினான். அவசரத்தில் இணைப்பின் கூர் ஓரத்தில் விரலை வெட்டிக்கொண்டான்.

“இப்ப?”

“ஒண்ணும் வரல. நேர்கோடு.”

*

எதிர்ப்பக்கத்தில், பள்ளத்துக்கு அந்தாண்டை, செங்குத்தாக ஒரு பாறை உண்டு. பனி இல்லாத நாளில் தெரியும். கூப்பிட்டால் இரண்டு நொடியில் திருப்பிச் சொல்லும். நிலையத்துக்கு வருகிற யாரும் ஒரு தடவையாவது அதைக் கூப்பிட்டுப் பார்க்காமல் இருந்ததில்லை.

முப்பிடாதி எழுந்து நின்றான்.

“ஏலே!”

ஒன்று. இரண்டு.

“ஏலே...” என்றது பாறை.

அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

“பலவேசம்!”

ஒன்று. இரண்டு.

மூன்று. நான்கு.

பத்து வரைக்கும் எண்ணினான்.

“ஏலே!” என்று மறுபடி கூப்பிட்டான். “ஏலே...” என்று வந்தது. அதே குரல், அதே இரண்டு நொடி.

“பலவேசம்,” என்றான். இந்தத் தடவை கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் கூப்பிட்டான்.

வரவில்லை.

பனி அவன் முகத்தில் படிந்து நீராக இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை. பயம் இருந்தது. ஆனால் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து, தான் பொருத்திய இணைப்பை வெட்டி எடுத்தான். செப்பு முனை முன்புபோல் வெளியே தெரியும்படி தோலைச் சீவிவிட்டான். கம்பியைக் கிணற்றில் வாளி இறக்குவதுபோல் கை மாற்றிக் கை மாற்றி விளிம்புக்குக் கீழே இறக்கினான்.

கடைசி ஒரு சாண் இருக்கும்போது கம்பியின் கனம் குறைந்தது.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

*

திரும்பும் வழியில், மேட்டில், போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறை உண்டு. அங்கே நின்று பேச்சித்தாயைக் கூப்பிட்டான்.

“அத்தான்? இன்னைக்கு வியாழக்கிழமைல்லா?”

“கருமாதிக்கு நாள் பாத்துருங்கம்மா.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“இனிமே தேடல.”

அவள் அழுதாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். அவன் போனைக் காதில் வைத்தபடி, அவள் முடிக்கும் வரைக்கும் நின்றான்.

*

அறைக்குள் வந்தபோது மணி மூன்று. டீச்சர் சாப்பிடவில்லை என்று மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தாலே தெரிந்தது. திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு மேடு, பிறகு நேர்கோடு.

அவன் விரலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, பஞ்சும் மருந்தும் எடுத்துத் தந்தார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை.

அவன் விரலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சட்டத்தின் முன்னால் போய் நின்றான்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றான்.

“ஆமா.”

“ஒன்பதைக் கழட்டணும்.”

“புதுசுக்கு ஒரு வாய் வேணும். எந்த வாய்னு பெட்டிக்குக் கவலை இல்ல.”

அவன் எண்ணிப் பார்த்தான். பெட்டியில் பன்னிரண்டு வாய்கள். பதினொன்று கொட்டகைகளுக்கு.

“பன்னண்டாவது எங்க போகுது?”

“இந்தத் திரைக்கு. நாம பாக்கதுக்கு.”

“அதைக் கழட்டினா?”

டீச்சர் திரும்பி அவனைப் பார்த்தார்.

“பத்து கொட்டகையும் ஓடும். புதுசும் ஓடும். ஒன்பதுக்கும் போய்க்கிட்டே இருக்கும். இங்க உக்காந்து எதையும் பாக்க முடியாது. எங்கயாவது பழுதுன்னா மழையோ பனியோ, நடந்து போய்த்தான் பாக்கணும்.”

“நடக்கேன்.”

“எட்டு மாசம்.”

“நடக்கேன் டீச்சர்.”

“இயக்குநர் கேட்டா?”

“கொட்டகைக்கு வாய் குடுத்தாச்சுன்னு சொல்லுவேன். அவர் அதைத்தான் கேட்டாரு.”

அவன் ஸ்பேனரைப் பன்னிரண்டாம் கம்பியின் கழுத்தில் வைத்தான். இந்தத் தடவை கை திருகியது. கம்பி கழன்று வந்தது. திரையில் மேடு தாழ்ந்து, ஒரு கணம் தத்தளித்து, இல்லாமல் போனது. அந்த வாயில் புதுக் கொட்டகையின் கம்பியை மாட்டி இறுக்கினான். ஒட்டுத்தாள் கிழித்து, சுற்றி, பன்னிரண்டு என்று எழுதினான். அவன் எழுத்து குண்டு குண்டாக இருந்தது.

டீச்சர் அந்த ஒட்டுத்தாளைப் பார்த்தார்.

“அண்ணாச்சி,” என்றார் பிறகு. “ஒன்பதுல என்ன நடக்குன்னு இனி உங்களுக்குத் தெரியவே தெரியாது. இருந்துடுவீங்களா?”

முப்பிடாதி கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

“வேலை பாக்கும்போது பக்கத்துல நின்னு எட்டிப் பாத்தா பலவேசத்துக்குப் பிடிக்காது டீச்சர்.”

டீச்சர் எழுந்து, தன் நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்.